குளிர்கால வேலை பூட்ஸுக்குள் கால் வேர்க்கிறதா?

கனடா மாதிரி மைனஸ் 20 வரை போகும் ஊரில் வெளிவேலை பார்ப்பவர்களுக்குக் கால் விறைப்பது பல நேரம் வெளியே கிடக்கும் பனியால் இல்லை, பூட்ஸுக்குள் ஊறும் வேர்வையால்தான். முதலில் பருத்தி சாக்ஸை விடுங்கள், அது ஈரத்தைக் குடித்துவிட்டுக் காலோடு ஒட்டிக்கொண்டு சூட்டையெல்லாம் இழுத்துவிடும். மெரினோ கம்பளி சாக்ஸ் விலை கூடுதல்தான், ஆனால் நனைந்தாலும் கதகதப்பு தரும். ரொம்ப வேர்க்கிறவர்கள் அதற்கு அடியில் மெல்லிய பாலியஸ்டர் சாக்ஸ் ஒன்று போடலாம். பூட்ஸுக்குள் விரலை அசைக்க மட்டும் இடம் இருக்கணும், இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலை நன்றாகத் துடைத்து வேறு ஜோடி சாக்ஸ் மாற்றிவிடுங்கள். இதைப்போல உடனே பலன் தருவது வேறில்லை.

இரவில் காய்ந்த பாதத்தில் அலுமினியம் குளோரைடு கலந்த ஆன்டிபெர்ஸ்பிரன்ட் தடவிப் படுத்தால் வேர்வையே குறையும் (வெடிப்பு, புண் இருந்தால் வேண்டாம்). வீட்டுக்கு வந்ததும் இன்சோலை (உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை) உருவி வெளியே வைத்து, பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், கொஞ்ச நேரத்தில் தாள் நமுத்துப் போயிருக்கும், எடுத்துவிட்டுக் காய்ந்ததை வையுங்கள். ஹீட்டர் மேல் வைக்கவே வைக்காதீர்கள், தோல் வெடிக்கும், பசை விட்டுப்போகும். அப்புறம், புது பூட்ஸ் வாங்குவதாக இருந்தால் விரலைக் காக்கும் முன்பகுதி இரும்பில் இருப்பதை விடக் காம்போசிட்டில் (உலோகம் இல்லாத கலவைப் பொருள்) இருப்பது நல்லது, குளிரை விரலுக்கு அவ்வளவாகக் கடத்தாது.