புதுக் கோர்ஸ் ஏன் இவ்வளவு கடினமாகத் தெரிகிறது? கோல்ஃப் ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிடி சரியில்லை, தலை தூக்கிவிட்டது, அவசரப்பட்டு அடித்தாய் என்பதையெல்லாம் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். வழக்கமாக ஆடும் மைதானத்தில், அதாவது சொந்த கோர்ஸில், தைரியமாக ஆடுகிறவர்கள் வெளியூர் போனதும் தடுமாறி, "ரொம்ப டஃப் கோர்ஸ் சார்" என்று திரும்பி வருவதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மரத்தை வைத்துத் தூரம் கணக்குப் போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

என்னிடம் கற்றுக்கொண்ட ஒருவர் சென்னையில் சமதளமான கோர்ஸில் வாரம் தவறாமல் ஆடுபவர். ஒரு சுற்றுக்கு 85, 86 அடி என்று நிலையாக ஆடுவார் (அடி குறைந்தால்தான் நல்ல ஸ்கோர்). நண்பர்களோடு கொடைக்கானலுக்கு ஆடப் போனார், நானும் கூடப் போயிருந்தேன். ஒரு பார்-3 ஹோல், அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நின்று ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையை உருவினார்; அயர்னில் நம்பர் கூடக்கூடப் பந்து போகும் தூரம் குறையும். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்த கேடி வயதானவர். "உங்க ஏழாம் நம்பர் எத்தனை கெஜம் போகும் சார்?" என்று கேட்டார். இவரிடம் பதில் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க ஊர்ல ஆறாவது ஹோல்ல வேப்பமரத்துகிட்ட இருந்து ஏழுதாண்ணே எடுப்பேன், கரெக்டா கிரீன் நடுவுல போய் நிக்கும்" என்றார். "அப்போ எட்டு எடுங்க சார், மலையில பந்து கூடப் போகும்" என்றார் கேடி. இவர் கேட்கவில்லை. பந்து, குழி இருக்கும் புல்தளமான கிரீனைத் தாண்டிச் சரிவில் உருண்டு புதருக்குள் போய்விட்டது. அடுத்த ஹோலில் பயந்துபோய் எட்டை எடுத்தார். அங்கே கிரீன் மேட்டில் இருந்தது, பந்து கிரீனுக்கு முன்னால் இருந்த பங்கரில், அதாவது மணல் பள்ளத்தில், விழுந்தது. அதற்கப்புறம் எதை எடுத்தாலும் சந்தேகம்தான். நாள் முடிவில் ஸ்கோர் நூறைத் தாண்டியிருந்தது.

கோர்ஸ் மேல் தப்பே இல்லை. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு. சென்னையில் 150 கெஜம் பறக்கிற அடி அங்கே 160-ஐத் தாண்டும். காலைக் குளிரில் அதில் சில கெஜம் குறையும். கிரீன் 30 அடி மேலே இருந்தால் சுமார் 10 கெஜம் கூட்டிக்கொள்ள வேண்டும், கீழே இருந்தால் கழிக்க வேண்டும். இது சாதாரணக் கூட்டல் கழித்தல்தான். ஆனால் கூட்டவும் கழிக்கவும் கையில் முதலில் ஓர் எண் இருக்க வேண்டுமே! அவரிடம் இருந்தது ஒரு வேப்பமரம் மட்டும்தான்.

கரண்ட் போன வீட்டில் நாம் எதிலும் இடிக்காமல் நடந்து போய் மெழுகுவர்த்தியை எடுத்துவிடுவோம். அதனால் நமக்கு இருட்டில் கண் தெரிகிறது என்று ஆகிவிடாது. சொந்த கோர்ஸும் இப்படித்தான். எந்த மரத்தைப் பார்த்து அடிப்பது, எந்தப் பங்கருக்கு எந்தப் பக்கம் விடுவது என்பதெல்லாம் மனப்பாடமாகிவிடும். ஸ்கோர் இறங்கும், ஆட்டம் வளர்ந்துவிட்டதாகத் தோன்றும். வளர்ந்தது அந்த ஒரு மைதானத்தைப் பற்றிய ஞாபகம். அது ஊர் எல்லையைத் தாண்டிக் கூட வராது.

இதைச் சரிசெய்ய ஒரு மாலை வேளை போதும். ஆள் இல்லாத நேரத்தில் நீங்கள் வழக்கமாக ஆடும் பந்துகளையே எடுத்துக்கொண்டு போங்கள். பயிற்சித் தளத்துப் பழைய பந்துகள் வேண்டாம், அவை பெரும்பாலும் குறைவாகவே போகும். ஒவ்வொரு கிளப்பிலும் பத்துப் பந்து அடியுங்கள். மிக நீளமாகப் போனதையும் சரியாகப் படாததையும் ஒதுக்கிவிட்டு, மற்றவை தரையில் முதலில் விழுந்த இடத்தை அளந்து எழுதுங்கள். உருண்டு போய் நின்ற இடத்தை எழுதாதீர்கள். உருளும் தூரம் தரையைப் பொறுத்தது, பறக்கும் தூரம் உங்களுடையது. அப்புறம் சொந்த கோர்ஸிலேயே வேறு டீயிலிருந்து ஆடிப் பாருங்கள். வேப்பமரம் இருக்கும், ஆனால் நீங்கள் அதன் பக்கத்தில் நிற்க மாட்டீர்கள்.

ஹேண்டிகேப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போவது

ஹேண்டிகேப் என்பது உங்கள் ஆட்டத் திறமையைச் சொல்லும் எண். 2020-ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 சுற்றுகளில் சிறந்த எட்டின் சராசரியை வைத்துத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள், அதுதான் உங்கள் இண்டெக்ஸ். கோர்ஸுக்குக் கோர்ஸ் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்ட, கோர்ஸ் எவ்வளவு கடினம் என்று சொல்லும் ஸ்லோப் ரேட்டிங் இருக்கிறது. 55-லிருந்து 155 வரை போகும், 113 நடுத்தரம். நீளம், பங்கர், தண்ணீர், கிரீன் எல்லாம் பார்த்துத்தான் ரேட்டிங் போடுகிறார்கள். நீங்கள் அங்கே எத்தனை தடவை ஆடியிருக்கிறீர்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. 20 சுற்றும் ஒரே இடத்தில் ஆடியவரின் இண்டெக்ஸ் வெளியூரில் அவரை ஏமாற்றும். மாதம் ஒரு முறையாவது வேறு எங்காவது ஆடுங்கள்.

முதல் சுற்றிலேயே தீர்ப்பு எழுதுவது

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய கோர்ஸில் முதன்முதலாகப் போகிறவர்களுக்கு ஒன்றுமே புரியாது. மேடு பள்ளத்தில் பங்கர்கள் மறைந்திருக்கும். ஒரு காலத்தில் அந்த கோர்ஸை எதிர்த்திசையிலும் ஆடினார்கள், அதனால் இன்றைக்கு டீயிலிருந்து கண்ணுக்கே தெரியாத பங்கர்கள் பல. 1921 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் புகழ்பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் அங்கே மூன்றாவது சுற்றின் முதல் ஒன்பது ஹோலுக்கு 46 அடி எடுத்தார். 11-வது ஹோலில் பங்கருக்குள் சிக்கி, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியை விட்டே விலகினார். அப்போது அவருக்கு வயது 19. அதே கோர்ஸில் 1927-ல் ஓப்பனையும் 1930-ல் பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டியையும் வென்றார். 1958-ல் அந்த ஊர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. எங்கே அடித்தால் பந்து எங்கே போய் நிற்கும் என்பது ஆடஆடத்தான் அவருக்குப் பிடிபட்டது. ஜோன்ஸுக்கே அப்படி என்றால், ஒரு சுற்று ஆடிவிட்டு ஒரு கோர்ஸை மோசம் என்று சொல்ல நமக்கு என்ன அவசரம்?

கண்ணை நம்புவது

டீயிலிருந்து பார்த்தால் பங்கர் கிரீனை ஒட்டியிருப்பதுபோலத் தெரியும். நடந்து போனால் நடுவில் 50, 60 கெஜம் புல்தரை கிடக்கும். வேண்டுமென்றே அப்படி அமைக்கிறார்கள். ஜோன்ஸோடு சேர்ந்து அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் கோர்ஸை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்சி, ராணுவத்தில் உருமறைப்புக் கலையில் கைதேர்ந்தவர். அகஸ்டாவின் 10-வது ஹோலில் கிரீனுக்கு வெகு முன்னாலேயே ஒரு பெரிய பங்கர் இருப்பதை இன்றும் பார்க்கலாம். புது இடத்தில் பயத்தின் பாதி இந்த மாதிரிக் காட்சிகளால் வருவது. முடிந்தால் முந்தைய நாள் கிரீனிலிருந்து டீயை நோக்கித் திரும்பி நடந்து பாருங்கள். ஒளிந்திருக்கும் இடமெல்லாம் தெரிந்துவிடும்.

பயிற்சிச் சுற்றில் ஸ்கோர் எழுதுவது

எழுதாதீர்கள்.

கேடியிடம் கேட்காமல் இருப்பது

அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் முதல் தடவை ஆடுகிறவர் ஜெயிப்பது அபூர்வம். தொடங்கிய காலத்தை விட்டுவிட்டால் ஒருவர்தான், 1979-ல் ஃபஸி ஜோலர். அந்த நாட்களில் ஆட்டக்காரர்கள் அங்கே தங்கள் சொந்தக் கேடியைக் கூட்டிவர முடியாது, அகஸ்டாவின் கேடிகளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஜோலருக்கு வாய்த்தவர் ஜெரையா பியர்ட். அகஸ்டா கிரீன்களை வருடக்கணக்கில் பார்த்தவர். அவர் காட்டிய இடத்தில் ஜோலர் அடித்தார். ஜோலருக்கு இல்லாத அந்த இடத்துப் பரிச்சயம் பியர்டிடம் இருந்தது.

நம் மலைக் கோர்ஸ்களிலும் மேடுபோலத் தெரியும் பட் (கிரீனில் குழியை நோக்கி மெல்லத் தட்டும் அடி) இறக்கத்தில் ஓடும், காரணம் பின்னால் நிற்கும் மலை கண்ணை ஏமாற்றுவது. அங்கேயே வளர்ந்த கேடிக்கு அது தெரியும். முதல் டீயிலேயே அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, பட் எல்லாம் எந்தப் பக்கம் இழுக்கும்? எந்தப் பக்கம் விட்டா மீள முடியாது?"