கற்காலத்தைத் திரையில் காட்டும்போது செய்யக் கூடாதவை

போன மாதம் கிருஷ்ணகிரியில் ஓர் ஆசிரியை, ஆறாம் வகுப்புக்காகத் தானே எடுத்த பாறை ஓவிய வீடியோவைக் காட்டினார். கோடுகள் பளிச்சென்று இருந்தன. "எப்படிம்மா இவ்வளவு தெளிவா வந்துச்சு?" என்று கேட்டேன். "சாக்பீஸ்ல லேசா மேலே இழுத்துவிட்டேன் சார்" என்றார். எனக்குப் பகீரென்றது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் அதைத்தான் செய்தேன்.

டைனோசரையும் மனிதனையும் ஒரே காட்சியில் காட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஓவியத்தின் மேல் சாக்பீஸ்

நம் மாவட்டத்து ஓவியங்கள் பெரும்பாலும் வெண்சாந்தில் வரைந்தவை. மல்லப்பாடியின் குதிரை வீரர்கள், மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகளின் (கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்களின்) உள்பக்கம், எல்லாமே வெள்ளைதான். வெள்ளையின் மேல் வெள்ளை சாக்பீஸ் பட்டால் எது ஆதிக் கோடு, எது நம் கோடு என்று யாராலும் பிரிக்க முடியாது.

நான் கை வைத்தது பர்கூர்ப் பக்கம் ஒரு குன்றில். குதிரைமேல் இருந்தவன் கையில் மங்கலாக ஒரு கோடு. வேல் என்று நானே முடிவு செய்து நீட்டிவிட்டேன். அடுத்த வருடம் வந்த பிள்ளைகள் குதிரை வீரனை அந்த வேலோடுதான் நோட்டில் வரைந்தார்கள். தொல்லியல் படித்த நண்பர் வந்து பார்த்து, "இதில் எது பழசு?" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன். சாக்பீஸோடு சாந்தும் சேர்ந்து வந்துவிட்டது. இன்றும் அந்தப் பாறைப் பக்கம் போனால் மனசு ஆறாது.

சரி, எப்படி எடுப்பது? நேர்வெயிலில் எடுக்காதீர்கள். குடையைப் பிடித்து ஓவியத்தின் மேல் நிழல் விழச் செய்யுங்கள். ஒரு ஸ்கேலை ஓவியத்தில் படாமல் பக்கத்தில் பிடித்துப் படமெடுங்கள். அப்புறம் செல்போனிலேயே கான்ட்ராஸ்டைக் கூட்டலாம். பாறை ஓவியங்களுக்கென்றே டி-ஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருளும் இருக்கிறது. அந்தப் படத்தைப் புரொஜெக்டரில் கரும்பலகை மேல் விழவைத்து, சாக்பீஸைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். "வேலா, கடிவாளமா?" என்று அவர்களே சண்டை போடுவார்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய வீடியோவை அப்படியே ஓட்டுவது

நம் மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தபோது எடுத்த வீடியோக்கள், தமிழகத்தில் அதுவே மிகப் பழமையானது என்கின்றன. 2025-இல் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 3345 என்று அறிவித்தார்கள். இரண்டையும் பலகையில் எழுதி, ஏன் மாறியது என்று கேளுங்கள். நம் ஊர்ப் பெருமை அதனால் குறையாது.

பின்னணி இசை

வேண்டாம். கல்லில் கல் மோதும் சத்தம் கேட்கட்டும்.

நிறுத்தாமல் ஓட்டுவது

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். அடுத்து என்ன வரும் என்று கடைசி பெஞ்சைக் கேளுங்கள்.