பழைய சொகுசு கன்வெர்ட்டிபிள் வாங்கும் முன்: பலரும் செய்யும் தவறுகள்

ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய மெர்சிடிஸ் எஸ்எல், ஜாகுவார் எக்ஸ்கே8, பிஎம்டபிள்யூ 6 சீரிஸ் கன்வெர்ட்டிபிள். புதிதாக வந்தபோது எட்டாத விலையில் இருந்த இந்த வண்டிகள் இன்று ஒரு சின்னப் புதுக் காரின் விலைக்கே கிடைக்கின்றன. ஆசை வருவது இயல்பு, அதில் தவறும் இல்லை. கூரையைத் திறந்துவிட்டு ஒரு நல்ல வி8 வண்டியை மாலை வேளையில் ஓட்டும் சுகம் வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் இப்படி வாங்கிவிட்டு ஒரு வருடத்துக்குள் நொந்துபோய் விற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். மீட்டரையும் கேட்ட விலையையும் வைத்தே பெரும்பாலானோர் முடிவு செய்திருப்பார்கள். இந்த வகை வண்டியில் அவை இரண்டுமே இரண்டாம்பட்சம். முதலில் பார்க்க வேண்டியவை கூரை, உள்ளே இறங்கிய தண்ணீர், பழைய பில்கள்.

வண்டி மலிவு என்றால் பராமரிப்பும் மலிவு என்று நினைப்பது

வண்டியின் விலை வருடா வருடம் இறங்கும். அதன் உதிரிபாகத்தின் விலை இறங்காது, பல சமயம் ஏறவே செய்யும். இருபது வயதானாலும் உச்ச விலை வண்டிக்கு உச்ச விலைப் பாகம்தான்.

2001-ல் அறிமுகமான, ஆர்230 என்ற குறியீடு கொண்ட மெர்சிடிஸ் எஸ்எல் தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பல வண்டிகளில் ஏபிசி என்ற ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் இருக்கும். ஒவ்வொரு சக்கரத்திலும் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஒரு ஹைட்ராலிக் ஸ்ட்ரட், சுமார் 200 பார் அழுத்தத்தில் எண்ணெயைத் தள்ளும் ஒரு பம்ப், அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் அக்குமுலேட்டர்கள், நடுவில் வால்வு பிளாக்குகள். நல்ல நிலையில் இருந்தால் வளைவில் அந்த வண்டி சாயாமல் திரும்புவது அற்புதமாக இருக்கும். ஒரு ஹோஸ் கசிந்தால் எண்ணெய் குறையும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பம்ப் தேயும், தேய்ந்த துகள் வால்வுகளுக்குள் போகும். ஒரு சின்னக் கசிவு முழு சஸ்பென்ஷன் வேலையாக மாறுவது இப்படித்தான். இரவு நிறுத்திய எஸ்எல் காலையில் ஒரு மூலை இறங்கி நின்றால், அழுத்தம் எங்கோ கசிகிறது என்று பொருள். எனவே வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போங்கள், அதுவும் யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்.

அதே வரிசையில் எஸ்எல்600-இன் வி12 இன்ஜினில் 24 ஸ்பார்க் பிளக்குகள் உண்டு. இக்னிஷன் காயில்கள் ஆறு சிலிண்டருக்கு ஒரே பேக்காக வரும். பென்ட்லி கான்டினென்டல் ஜிடிசியின் 6 லிட்டர் டபிள்யூ12-இல் பல வேலைகளுக்கு இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். கூலிக் கணக்கு அங்கே தொடங்குகிறது.

என் கருத்து இதுதான்: வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால் அந்த வண்டி உங்கள் பட்ஜெட்டில் இல்லை. ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் பாதியாவது வேண்டும்.

மீட்டரைப் பார்த்து ஓடுவது, மீட்டரைப் பார்த்து மயங்குவது

இரண்டு லட்சம் கிலோமீட்டர் என்றதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். இருபது வருடத்தில் 50,000 மட்டுமே ஓடிய வண்டியைப் பார்த்ததும் அதிர்ஷ்டம் என்கிறார்கள். நான் பெரும்பாலும் முதல் வண்டியின் பக்கமே நிற்பேன். ஓடாமல் நின்ற வண்டியில் ரப்பர் சீல்கள் காய்ந்து இறுகும். டேங்கில் பெட்ரோல் கெட்டுப்போகும். அசையாத பிரேக் கேலிப்பர் பிடித்துக்கொள்ளும். வருடக்கணக்கில் திறக்காத கூரை மடிப்பிலேயே விறைத்துவிடும். ஒழுங்காக ஓடிய வண்டியில் அந்தப் பாகங்களில் பாதி ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கும், அதற்கான பில்லும் இருக்கும்.

பில்களில் என்ன தேட வேண்டும்? எண்ணெய் மாற்றிய முத்திரைகள் மட்டும் போதாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயை எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள். ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று பல கார் நிறுவனங்கள் சொன்னாலும், கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நம்பகத்தன்மைக்குப் பேர்போன லெக்சஸ் எஸ்சி430-இன் 4.3 லிட்டர் வி8-இலும் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் உண்டு. சுமார் 1,45,000 கிலோமீட்டரில் அதை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டு அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும். நல்ல பெயரெடுத்த வண்டி என்பதாலேயே அந்தப் பில்லைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

மீட்டரையே திருப்பியிருக்கலாம் என்ற சந்தேகமும் வேண்டும். குறைவாக ஓடியதாகச் சொல்லும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் மொழுக்கென்று தேய்ந்திருந்தால், ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க ஓரம் நசுங்கியிருந்தால், கேள்வி கேளுங்கள். பல மாடல்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் வேறு கன்ட்ரோல் யூனிட்டுகளிலும் பதிவாகும். அந்த பிராண்டுக்குரிய ஸ்கேனரில் ஒப்பிட்டுவிடலாம்.

கூரையை ஒருமுறை திறந்து காட்டினால் போதும் என்று நினைப்பது

அதிகம் ஏமாறும் இடம் இதுதான். விற்பவர் பட்டனை அழுத்துவார், கூரை திறக்கும், பார்ப்பவர் மனம் அங்கேயே விழுந்துவிடும்.

திறந்து மூடுவதைக் குறைந்தது மூன்று முறை பாருங்கள். முதல் முறை வெளியே நின்று, இடமும் வலமும் ஒரே வேகத்தில் நகர்கிறதா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் பின்தங்கினால் அந்தப் பக்க ஹைட்ராலிக் சிலிண்டர் தளர்ந்திருக்கலாம், அல்லது சட்டம் வளைந்திருக்கலாம். இரண்டாம் முறை பம்பின் சத்தத்தை மட்டும் கேளுங்கள். நடுவில் திணறி முனகினால் எண்ணெய் குறைவு. மூன்றாம் முறை உள்ளே உட்கார்ந்து, கூரை முன்கண்ணாடிச் சட்டத்தோடு பூட்டும் இடத்தைப் பாருங்கள்.

அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். 1989 முதல் 2001 வரை வந்த ஆர்129 எஸ்எல்லில் கூரையைப் பூட்டும் சிலிண்டர்கள் முன்கண்ணாடிக்கு மேலேயே இருக்கின்றன. சீல் வயதானால் ரியர்வியூ கண்ணாடிப் பக்கத்திலிருந்து எண்ணெய் சொட்டும். ஜாகுவார் எக்ஸ்கே8-இலும் அதே பகுதிக்குப் போகும் ஹோஸ் வெடித்து, உட்கார்ந்திருப்பவர் மடியில் எண்ணெய் கொட்டுவது தெரிந்த பிரச்சினை. சன்வைசர் ஓரத்திலும் உள்கூரைத் துணியிலும் மஞ்சளாகவோ பச்சையாகவோ எண்ணெய்க் கறை இருந்தால் விலை பேசும்போது அதைச் சேர்த்தே பேசுங்கள்.

பேட்டரி வீக், அதனால்தான் கூரை பாதியில் நிற்கிறது என்று ஒரு பதில் வரும். உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் பேட்டரியைச் சார்ஜ் போட்டு, கூரை முழுதாக மூடுவதைக் காட்டிய பிறகு பேச்சைத் தொடருங்கள். கதவுக் கண்ணாடி இறங்கவேண்டிய அளவு இறங்கியதா, டிக்கியின் தடுப்புத் திரை இடத்தில் இருக்கிறதா என்று கூரை பல சின்ன சுவிட்சுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் நகர்கிறது. ஒன்று பொய் சொன்னால் போதும், பாதி வழியில் நின்றுவிடும். எந்த சுவிட்ச் என்று கண்டுபிடிக்கும் கூலி, சுவிட்சின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும்.

துணிக் கூரையில் மடிப்பு விழும் இடங்களையும், பின்கண்ணாடி துணியோடு ஒட்டியிருக்கும் ஓரத்தையும் விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். பசை விட்டிருந்தால் கையில் தெரியும்.

உள்ளே இறங்கும் தண்ணீரைக் கவனிக்காமல் விடுவது

கூரையில் விழும் தண்ணீர் ஓரத்து வாய்க்கால்களில் ஓடி, சிறு குழாய்கள் வழியாகக் கீழே இறங்கும்படி கன்வெர்ட்டிபிள்களைச் செய்கிறார்கள். இலையும் தூசியும் அந்தக் குழாய்களை அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் இறங்கும். போர்ஷே 986 பாக்ஸ்டரில், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் யூனிட் இருக்கைக்குக் கீழே தரையோடு இருப்பதால், வடிகுழாய் அடைத்த வண்டியில் அது நனைந்து வண்டியே ஸ்டார்ட் ஆகாமல் போகும். தரையிலும் டிக்கிக் குழியிலும் மின்னணுப் பெட்டிகளை வைத்திருக்கும் எல்லாச் சொகுசு வண்டிகளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

மிதியடியை எடுத்துவிட்டு, இருக்கைக்குப் பின்னால் கார்பெட்டின் அடியில் கையை முழுதாக விடுங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் உள்ள ஸ்பாஞ்ச் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். கதவைத் திறந்ததும் வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் இன்னும் கவனமாகத் தடவுங்கள். ஈரம் இருந்து, கூடவே சம்பந்தமில்லாத இரண்டு மூன்று எச்சரிக்கை விளக்குகளும் எரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் அந்த வண்டியை வாங்கச் சொல்ல மாட்டேன். ஈரத்தில் அரித்த ஒயரிங்குக்கு முடிவே கிடையாது.

மாடலின் தெரிந்த நோய்களைப் படிக்காமல் போவது

ஒவ்வொரு இன்ஜினுக்கும் எழுதப்பட்ட பலவீனம் ஒன்று இருக்கும். பிஎம்டபிள்யூவின் என்62 வி8-இல் சிலிண்டருக்குள் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீல்கள் கெட்டால், சிக்னலில் சில நிமிடம் நின்று கிளம்பும்போது நீலப் புகை வரும். அதனால் டெஸ்ட் டிரைவில் வண்டியை நன்றாகச் சூடேற்றி, ஐடிலில் விட்டு, பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள். ஆரம்பகால எக்ஸ்கே8-களில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பிளாஸ்டிக், பின்னாளில் உலோகத்துக்கு மாறியது. மாற்றிய பில் இருக்கிறதா? போர்ஷே பாக்ஸ்டர், 911 வண்டிகளில் 2008 வரையிலான பல இன்ஜின்களின் ஐஎம்எஸ் பேரிங் (இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங்) கெட்டுப்போவதற்குப் பேர்பெற்றது. அதற்கடுத்து வந்த இன்ஜினில் அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள். வாங்கப்போகும் வண்டியின் மாடலையும் இன்ஜின் குறியீட்டையும் தெரிந்துகொண்டு போனால், பொதுவாக எல்லாவற்றையும் பார்ப்பதற்குப் பதில் சரியான மூன்று இடங்களைப் பார்க்கலாம்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் வரும்போதே பானெட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். முதல் சில நொடிகளில் கேட்கும் செயின் சத்தம் சூடான இன்ஜினில் மறைந்துவிடும். ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லாததும் நிம்மதி தராது. அழித்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். இன்ஜினின் சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்று அதே ஸ்கேனர் காட்டும். பல சோதனைகள் முடியாமல் இருந்தால் சமீபத்தில்தான் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருந்தும் பத்து வயதான டயர் இருந்தால், வண்டி அதிகம் நின்றிருக்கிறது.

அடியில் துருவை லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும். கூரை இல்லாத உடலின் வலுவெல்லாம் கீழ்ச் சட்டங்களில்தான். விற்பவர் லிஃப்டுக்குச் சம்மதிக்காவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

மெக்கானிக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

வண்டியைத் தேடுவதற்கு முன்பே அந்த பிராண்டை அறிந்த, நிறுவன சர்வீஸ் சென்டர் அல்லாத ஒரு தனி மெக்கானிக்கைக் கண்டுபிடியுங்கள். இந்த மாடலை எடுத்தால் பார்ப்பீர்களா என்று அவரிடம் கேளுங்கள். அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கும். தினமும் வேலைக்குப் போக இது ஒன்றுதான் வண்டி என்றாலும் யோசியுங்கள். ஒரு பாகத்துக்காக மூன்று வாரம் நிற்பது இந்த வண்டிகளில் சாதாரணம்.

முதல்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது: டர்போ இல்லாத இன்ஜின், சாதாரண ஸ்டீல் ஸ்பிரிங், துணிக் கூரை. ஆர்129 எஸ்எல்லில் நேர்வரிசை ஆறு சிலிண்டரோ, 1998-க்குப் பிறகு வந்த வி8-ஓ அந்தக் கணக்கில் அழகாகப் பொருந்தும். 1990-களின் நடுவில் வந்த வண்டியாக இருந்தால் இன்ஜின் ஒயரிங் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். அந்த வருடங்களின் ஒயர் உறை சூட்டில் பொடிந்து உதிரும். பானெட்டைத் திறந்து ஒரு ஒயரை லேசாக வளைத்தாலே தெரிந்துவிடும்.