மின் ஸ்கூட்டரில் பழுது: நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பது எப்படி?

மின் ஸ்கூட்டர் வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்தின் படியேறும் நாளில் அவருடைய வழக்கு ஏறத்தாழப் பாதி முடிவாகியிருக்கும். வண்டியை முதன்முதலில் சர்வீஸுக்கு விட்ட அன்று ஜாப் கார்டில், அதாவது உங்கள் குறையைச் சர்வீஸ் சென்டர் பதிவு செய்யும் சீட்டில், என்ன எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே அந்தப் பாதி அமைகிறது. நாற்பது சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே மேம்பாலத்தின் நடுவில் வண்டி அணைந்துவிட்டது என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். கவுண்டரில் இருப்பவரோ ‘ஜெனரல் செக்கப்’ என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்பார். நடந்ததை நடந்தபடி, தேதி, ஓடோமீட்டர் அளவு, சார்ஜ் சதவீதம் ஆகியவற்றோடு எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். அவர் மறுத்தால், அங்கே நின்றபடியே அதே விவரங்களை நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்.

பெட்ரோல் வண்டியின் பழுது கையில் அகப்படும். மின் வண்டியின் பழுது பல நேரங்களில் சாவியை அணைத்துப் போட்டதும் மறைந்துவிடும். ஆகவே திரையில் எச்சரிக்கை தோன்றும்போதே, ஓடோமீட்டரும் தெரியும்படி கைபேசியில் காணொளி எடுத்து வைப்பது நல்லது. பேட்டரியின் நிலையைப் பதிவு செய்யும் தரவு நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது என்பதால், அதை அழிக்காமல் பாதுகாக்கும்படி எழுத்தில் கேளுங்கள். ஆவணங்களை முன்வைக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. வெளிக் கடையில் பேட்டரியைத் திறந்து பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். திறந்த பேட்டரியைக் காட்டி உத்தரவாதம் செல்லாது என்று வாதிடுவது எதிர்த்தரப்புக்கு மிக எளிது.

அடுத்து, உங்கள் குறை எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்துப் பாருங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளில் உள்ள குறையையும் சேவையில் உள்ள குறைபாட்டையும் தனித்தனியாக வரையறுக்கிறது. பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாவது முதல் வகை. உதிரிபாகம் வரவில்லை என்று இரண்டு மாதம் வண்டியைச் சர்வீஸ் சென்டரில் கிடத்தி வைப்பது இரண்டாவது வகை. முதலாவதை மெய்ப்பிக்கப் பொதுவாக நிபுணர் அறிக்கை வேண்டும். அதற்காக வண்டியைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடம் மனுச் செய்யலாம். ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். இரண்டாவதற்கு ஜாப் கார்டுகளில் உள்ள தேதிகளே போதும். பலரும் உற்பத்திக் குறை என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு, அதை மெய்ப்பிக்க முடியாமல் தோற்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே புகாரில் எழுதுவதுதான் என் பரிந்துரை.

வழக்குக்கு முன் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஆனாலும் உற்பத்தியாளருக்கும் டீலருக்கும் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்குப் பதில் வராமல் போனால் அதுவும் உங்கள் பக்கம் பேசும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தால் சில சமயம் நிறுவனமே இறங்கி வரும். அங்கு எதையும் உத்தரவிட முடியாது என்பதால், அதையே நம்பிக் காலத்தைக் கடத்த வேண்டாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தாக்கலாக வேண்டும்.

வாங்கும்போது கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே விசாரிக்கும். அந்தத் தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை; மின் ஸ்கூட்டர்கள் ஏறக்குறைய எல்லாமே இதில் அடங்கிவிடும். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். நேரில் போக இயலாதவர்கள் இ-ஜாக்ரிதி இணையதளத்தைப் பயன்படுத்தலாம். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் தடையில்லை. வாடகைக்கு ஓட்டும் மின் ஆட்டோவாக இருந்தால், சுயதொழிலாக என் பிழைப்புக்காகவே வாங்கினேன் என்ற வாசகம் புகாரில் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால், வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோரே அல்லர் என்ற ஆட்சேபம் முதலில் வந்து நிற்கும்.

என்ன பரிகாரம் கேட்பது என்பதில் அவசரப்படக் கூடாது. புது வண்டி வேண்டும் என்று மட்டும் கேட்பது ஆபத்து. உத்தரவாதத்தின்படி பழுதான பாகத்தை மாற்றித் தருவதே நிறுவனத்தின் கடமை என்று மாருதி நிறுவனம் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியது இன்றும் எதிர்த்தரப்பின் கையிருப்பு வாதம். எனவே வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், இல்லையேல் வண்டியை மாற்றித் தர வேண்டும், அதுவும் இல்லையேல் பேட்டரியைப் புதிதாக மாற்றிப் புது உத்தரவாதம் தர வேண்டும் என்று படிப்படியாகக் கேளுங்கள். இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் தனியாகக் குறிப்பிட்டு, வண்டி நின்ற நாட்களில் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் ஆன செலவுக்கு ரசீது இணையுங்கள். வண்டிக் கடனின் மாதத் தவணையை மட்டும் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தவருக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை.

ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆணையம் மேலும் 15 நாள் வரை நீட்டிக்கலாம், அதைத் தாண்டி முடியாது. வழக்கை மூன்று மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். உத்தரவு வந்த பிறகு நிறுவனம் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் உத்தரவிடப்பட்ட தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால், அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனுத் தாக்கல் செய்யுங்கள். உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 25,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.