பிரில்லியண்ட் டயமண்ட் வாங்கலாமா? கருத்துகளைப் படிப்பது எப்படி, வாங்கினால் ஆடுவது எப்படி

நின்டெண்டோ ஸ்விட்சில் வந்த போகிமான் பிரில்லியண்ட் டயமண்ட், ஷைனிங் பேர்ல் என்ற ரீமேக் கேம்களைப் பற்றி யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ஒருவர் "அருமை, சின்ன வயசுக்கே போய் வந்த மாதிரி இருந்தது" என்பார். அடுத்தவர் "உயிரே இல்லாத ரீமேக், தொடாதீங்க" என்பார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆளுக்கொரு பழைய கேமை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், எந்தக் கேம் என்று மட்டும் சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி, வாங்கிய பிறகு அதை எப்படி ஆடுகிறோம் என்பதில் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. டயமண்டும் பேர்லும் 2006 செப்டம்பரில் ஜப்பானில் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்தன. 2008-ல் அதே சின்னோ என்ற கற்பனை நிலம், அதே கதையைத் திருத்தி விரித்து பிளாட்டினம் என்ற கேம் வந்தது. 2021 நவம்பர் 19 அன்று ஸ்விட்சுக்கு வந்த ரீமேக்கை, வழக்கமாகப் போகிமான் கேம்களைச் செய்யும் கேம் ஃபிரீக்குக்குப் பதிலாக இல்கா என்ற நிறுவனம் முன்னின்று செய்தது. அவர்கள் அடிப்படையாக எடுத்துக்கொண்டது 2006-ன் கேமை, 2008-ன் கேமை அல்ல. சண்டை முழுக்க இந்த ஒரு முடிவிலிருந்துதான் கிளம்புகிறது.

கேமின் கடைசியில் மோத வேண்டிய நான்கு பேரான எலீட் ஃபோரில் வரும் ஃபிளின்ட்டைப் பாருங்கள். அவர் நெருப்பு வகையில் கைதேர்ந்தவர். பழைய டயமண்டில் அவரிடம் இருந்த ஐந்தில் ராபிடாஷும் இன்ஃபர்னேப்பும் மட்டும்தான் நெருப்பு, மற்றவை ஸ்டீலிக்ஸ், லோபனி, டிரிஃப்பிளிம். பிளாட்டினம் இதைச் சரிசெய்து ஐந்தையும் நெருப்பாக மாற்றியது. ரீமேக்கில் மறுபடி ஸ்டீலிக்ஸும் லோபனியும் வந்து நிற்கின்றன. பிளாட்டினம் ஆடியவருக்கு இது, சரிசெய்து கொடுத்ததை யாரோ பிடுங்கிக்கொண்டது போல இருக்கும். டயமண்டில் தொடங்கி டயமண்டிலேயே நின்றவருக்கு, "ஆமாம், இவரிடம் இதுதானே இருந்தது" என்று சந்தோஷமாக இருக்கும். பிளாட்டினத்தில் இருந்த டிஸ்டார்ஷன் வேர்ல்டு என்ற வினோத உலகம், ஐந்து அரங்குகள் கொண்ட பேட்டில் ஃபிரண்டியர் இரண்டும் ரீமேக்கில் இல்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஒரு கருத்தைப் படிக்கும்போது முதலில் "பிளாட்டினம்" என்ற சொல் எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். வந்தால், எழுதியவருடைய குறை பெரும்பாலும் இல்லாததைப் பற்றியதாக இருக்கும். நீங்கள் பிளாட்டினம் தொட்டதே இல்லை என்றால் அந்தக் குறையில் முக்கால்வாசி உங்களைப் பாதிக்காது. அடுத்து தேதி. 2021 நவம்பர், டிசம்பரில் எழுதியவற்றில் கோளாறுகளைப் பற்றிய புகார்கள் நிறைய இருக்கும், பின்னால் வந்த அப்டேட்டுகள் அவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிட்டன. அப்புறம், எழுதியவர் கேமை எதுவரை ஆடினார் என்று பாருங்கள். ஜிம் எனப்படும் எட்டு சவால் அரங்குகளில் ஒவ்வொன்றையும் வென்றால் ஒரு பேட்ஜ் கிடைக்கும். மூன்று பேட்ஜோடு நிறுத்தியவர் "ரொம்ப சுலபம்" என்று எழுதியிருப்பார், கடைசி வரை போனவர் அப்படி எழுதவே மாட்டார். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

படங்களைப் பற்றிய கருத்துகளுக்கு மட்டும் நான் அதிக எடை கொடுப்பதில்லை. ஊருக்குள் நடக்கும்போது ஆட்கள் பெரிய தலையும் குட்டி உடம்புமாக பொம்மை மாதிரி இருப்பார்கள், போட்டியில் சாதாரண அளவுக்கு வந்துவிடுவார்கள். இது பிடிக்குமா பிடிக்காதா என்று ஐந்து நிமிட வீடியோ பார்த்தாலே உங்கள் கண் சொல்லிவிடும். அதற்கு இன்னொருவர் தேவையில்லை.

பழைய கேமைப் பற்றிய நினைவுகளையும் கொஞ்சம் சலித்துத்தான் எடுக்க வேண்டும். டிஎஸ்ஸில் டயமண்ட் மெதுவான கேம். தண்ணீரில் சர்ஃப் போவது நகர்வதே தெரியாது, போகிமானின் உயிரைக் காட்டும் ஹெச்பி கோடு குறைவதற்குள் பொறுமை போய்விடும். வழியைத் திறக்க உதவும் ஹெச்எம் என்ற திறன்கள் எட்டு இருந்ததால், மரம் வெட்டவும் பாறை உடைக்கவும் என்றே பிபேரல் என்ற போகிமான் ஒன்றை அணியில் சுமந்து திரிய வேண்டும். ரீமேக்கில் அந்தத் தொல்லை ஒழிந்தது. கேமுக்குள் இருக்கும் போக்கெட்ச் என்ற கைக்கடிகாரத்தில் அழுத்தினால் காட்டுப் போகிமான் ஒன்று தானே வந்து வேலையை முடித்துக்கொடுத்துவிட்டுப் போகிறது, உங்கள் ஆறு இடமும் உங்களுக்கே. "அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள்" என்று எழுதுபவர்கள் இதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள், எனக்கு இதில் வருத்தம் உண்டு.

சரி, வாங்கிவிட்டீர்கள். கார்ட்ரிட்ஜ் என்றால் ஆடும் முன் அப்டேட்டைப் போட்டுவிடுங்கள், அது இல்லாமல் கேம் முழுமையாக இல்லை. பிறகு செட்டிங்ஸில் பேட்டில் ஸ்டைலை "செட்" என்று மாற்றுங்கள். எதிராளியின் போகிமான் விழுந்ததும் "நீங்களும் மாற்றுகிறீர்களா" என்று கேட்பது இதனால் நின்றுவிடும், அந்த ஒரு கேள்வி போனாலே ஒவ்வொரு ஜிம்மும் இறுகிவிடுகிறது. நடக்க அனலாக் ஸ்டிக்கை விட டி-பேட் நல்லது. ஊர்கள் எல்லாம் பழைய கட்டம் கட்டமான வரைபடத்தின் மேல்தான் நிற்கின்றன, ஸ்டிக்கில் சாய்வாகப் போனால் மூலைகளில் சிக்கிக்கொண்டே இருப்பீர்கள்.

அடுத்தது எல்லோரும் கோபப்படும் விஷயம், எக்ஸ்பி ஷேர். ஒருவர் சண்டை போட்டால் ஆறு பேருக்கும் எக்ஸ்பி, அதாவது லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி, போகும், அணைக்க வழியே இல்லை. என் முதல் சுற்றில் வழியில் வந்த எல்லாவற்றோடும் மோதிக்கொண்டே போனதால், எட்டர்னா ஊர் ஜிம்மின் தலைவி கார்டீனியா 22-ம் லெவல் ரோஸரேடை இறக்கியபோது என் ஸ்டாராவியா ஒரே அடியில் அதை வீழ்த்திவிட்டது. ஜிம் முடிந்தது, சந்தோஷம் வரவில்லை. இரண்டாம் சுற்றில் ஒன்பது போகிமான் வளர்த்தேன். கையில் எப்போதும் ஆறு, மீதி மூன்று பாக்ஸ் என்ற சேமிப்பில், ஒவ்வொரு பேட்ஜுக்குப் பிறகும் ஆட்களை மாற்றுவது. பாக்ஸை நடுவழியிலேயே திறக்க முடிவதால் இதில் சிரமம் எதுவும் இல்லை. எக்ஸ்பி ஒன்பது பேருக்குப் பிரிந்தது, லெவல் ஜிம் லீடரை ஒட்டியே நின்றது, கேம் திடீரென்று வேறு கேமாகிவிட்டது.

இதனால் இன்னொரு லாபமும் உண்டு. இந்தக் கேமில் போகிமானுக்கு உங்கள் மேல் பாசம் கூடிவிட்டால், விழ வேண்டிய அடியைத் தாங்கி ஒரு ஹெச்பியில் நிற்கும், விஷத்தையும் மயக்கத்தையும் தானே உதறிவிடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தோற்க வேண்டிய சண்டையை நீங்கள் வென்றுவிடுவீர்கள். ஆட்களைச் சுழற்றும்போது பாசம் மெதுவாகத்தான் ஏறும். அப்படியும் ஏறிவிட்டால் கசப்பு மூலிகை மருந்தைக் கொடுத்துக் குறைக்கலாம். எனக்கு அதற்கு மனசு வந்ததில்லை, ஆள் மாற்றுவதே போதும்.

ரீமேக்கை வெறுப்பவர்களும் ஒத்துக்கொள்ளும் ஒன்று உண்டு, அதுதான் கிராண்ட் அண்டர்கிரவுண்ட் என்ற நிலத்தடிச் சுரங்கம். எட்டர்னாவில் அதற்குள் இறங்க உதவும் எக்ஸ்ப்ளோரர் கிட் கைக்கு வந்ததும் இறங்குங்கள், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். பழைய டயமண்டில் தொடக்கத்திலேயே நெருப்புப் போகிமானான சிம்சாரை எடுக்காதவருக்கு நெருப்பு என்றால் போனிட்டா, அதை விட்டால் கதி இல்லை. இப்போது கீழே உள்ள குகைகளில் மேலே புல்லில் வராத வகைகள் கண்ணுக்கெதிரே உலாவுகின்றன, உங்கள் பேட்ஜுக்கு ஏற்ப அவற்றின் லெவலும் ஏறும். கீழே நீங்கள் அமைக்கும் சீக்ரட் பேஸ் என்ற அறையில் எந்த வகைச் சிலைகளை வைக்கிறீர்களோ அந்த வகை குகைகளில் அதிகம் தென்படும். வழியில் மின்னும் டிக்லெட் துளிகளைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், 40 ஆனதும் நான்கு நிமிடம் ஷைனி, அதாவது அரிதான வேறு நிறப் போகிமான், கிடைக்கும் வாய்ப்பு கூடும். அந்த நான்கு நிமிடத்தில் ஒவ்வொரு குகையாக நுழைந்து வெளியே வந்துகொண்டிருப்பது எனக்கு இந்தக் கேமிலேயே மிகப் பிடித்த வேலை.

ஹார்ட்ஹோம் ஊரில் அமிட்டி ஸ்கொயர் என்ற பூங்காவுக்குப் போய்விட்டு வந்தால் போகிமான் உங்கள் பின்னாலேயே நடந்து வரும். அதையும் மறக்காதீர்கள்.

இப்போது "ரொம்ப சுலபம்" விஷயத்துக்கு வருகிறேன். எட்டாவது ஜிம்மில் அதன் தலைவர் வோல்க்னரின் லக்ஸ்ரே 49-ம் லெவல். எலீட் ஃபோருக்குப் பிறகு வரும் சாம்பியன் சிந்தியாவின் கார்ச்சோம்ப் 66. அந்த இடைவெளியை விட மோசமானது, எலீட் ஃபோரும் சிந்தியாவும் இந்த ரீமேக்கில் போட்டிக்கு ஆடும் மனிதர்களைப் போல அணி கட்டி வைத்திருப்பது. ஐவி எனப்படும் பிறவித் திறன் எண்கள் எல்லாம் உச்சத்தில், கையில் யோசித்துக் கொடுத்த பொருட்கள். அதனால் எலீட் ஃபோருக்குப் போகும் வழியான விக்டரி ரோடுக்கு முன்பே ஒன்பதை ஆறாக்கி, அந்த ஆறையே வளர்க்கத் தொடங்குங்கள்.

சிந்தியாவின் பியானோ இசை கேட்டதும் முதலில் ஸ்பிரிடூம்ப் வரும். 2006-ல் அதற்குப் பலவீனமே கிடையாது, ஃபேரி வகை பிறகு வந்ததால் இப்போது ஒன்று இருக்கிறது, ஒரு ஃபேரி அட்டாக்கையாவது அணியில் வைத்திருங்கள். மிலோட்டிக் கையில் இருப்பது ஃபிளேம் ஆர்ப். அது தன்னைத் தானே சுட்டுக்கொண்டு, மார்வெல் ஸ்கேல் என்ற தன் திறனால் டிஃபென்ஸை ஏற்றிக்கொள்ளும். ஃபிசிக்கல் அடியால் மோதி நேரத்தை வீணாக்காதீர்கள், புல் அல்லது மின்சார வகை ஸ்பெஷல் அட்டாக்கால் அடியுங்கள். கார்ச்சோம்ப்புக்கு ஐஸ் நான்கு மடங்கு என்று நம்பித்தான் நான் போனேன். அது யாச்சே பெர்ரியைத் தின்று அடியைப் பாதியாக்கிக்கொண்டு நின்றது, தன் அட்டாக்கை ஏற்றும் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் போட்டது, அடுத்த எர்த்குவேக்கில் எனக்கு மிச்சம் யாரும் இல்லை. ஃபேரி வகையை இறக்கலாம் என்றால் அதற்கென்றே பாய்சன் ஜாப் என்ற விஷ அடியை வைத்திருக்கிறது. கடைசியில் கை கொடுத்தது வில்-ஓ-விஸ்ப் என்ற, தீக்காயம் வைக்கும் திறன். கார்ச்சோம்ப் இறங்கிய உடனே, ஸ்வோர்ட்ஸ் டான்ஸுக்கு முன், தீக்காயம் வைத்துவிடுங்கள், அதன் அட்டாக் பாதியாகிவிடும். பிறகு இரண்டு ஐஸ் அடி. முதல் அடி பெர்ரிக்கு, இரண்டாவது கார்ச்சோம்ப்புக்கு.