லூப் அப்படியே நின்றுவிட்டதா? ஒரு என்டர் தட்டிப் பாருங்கள்

துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் எண்களை ஒரு ஃபைலிலிருந்து வரிவரியாகப் படிக்க, தண்டையார்பேட்டை அலுவலகத்தில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல்) வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப் அதில் இருக்கிறது. நேற்று அதை ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

இப்படி நின்றால் முதலில் என்டர் தட்டுங்கள். லூப் ஒரு சுற்று நகர்ந்தால், அது ஃபைலைப் படிக்கவில்லை, உங்கள் கீபோர்டுக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். லூப்பை முடிக்கும் கடைசி வரியில் ‘டன்’னுக்கு (done) பிறகு ‘<’ குறியும் ஃபைல் பெயரும் விட்டுப்போயிருக்கும். எனக்கு நடந்ததும் அதுதான். முந்தின நாள் நானே அழித்த பகுதி!

என்டருக்கும் அசையவில்லையா? ஸ்கிரிப்ட் பெயருக்கு முன்னால் ‘பாஷ் -எக்ஸ்’ (bash -x) போட்டு ஓடவிடுங்கள், ஓடும் ஒவ்வொரு கட்டளையும் திரையில் வரும். திரையில் கடைசியாக வந்த வரி காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் லூப்புக்கு வெளியே உள்ள, ஃபைலில் தேடும் கிரெப்போ (grep) ஃபைலைக் காட்டும் கேட்டோ (cat) இருக்கும். ஃபைல் பெயர் வைத்திருக்கும் வேரியபிள் (மதிப்பைச் சேமிக்கும் பெயர்) காலியாக இருந்தால் அவையும் கீபோர்டைப் பார்த்து உட்கார்ந்துவிடும். வேரியபிளை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், தொங்காமல் ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று சொல்லிவிடும்.

அப்புறம், லூப்புக்குள் எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியில் கட்டளை ஓடவிடும் ssh) இருந்தால் சிக்கல் வேறு மாதிரி: மீதி வரிகளை அதுவே விழுங்கிவிட, முதல் வரியோடு லூப் முடிந்துவிடும். எஸ்எஸ்ஹெச்சோடு ‘-என்’ (-n) சேர்த்தால் போதும்.