குளத்து நீரின் கூச்சத்தை வெட்ட வெயில் கண்ணாடி

இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ தண்ணீர் வெள்ளையாய்க் கூசினால், தனி ஃபில்டர் வாங்க வேண்டாம். போலரைஸ்ட் வெயில் கண்ணாடியின் ஒரு பக்கத்தைப் போன் கமராவில் இடைவெளி இல்லாமல் ஒட்டிப் பிடித்து, திரையைப் பார்த்தபடி மெதுவாகத் திருப்புங்கள். கூச்சம் மங்கும் இடத்தில் படம் எடுங்கள்.

நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடையாக அதிரும். கண்ணாடி அதைத்தான் மறிக்கிறது. நீர்மட்டத்துக்கு 35–40 பாகை சரிவில் பார்த்தால் முழுப் பலன் உண்டு, தாமரைத் தண்டுகூடத் தெரியும். சாம்பல் நிறக் கண்ணாடியே நல்லது. பழுப்பு படத்தில் ஏறிவிடும்.

வெறும் உலோகத்தின் பளபளப்புக்கு இது உதவாது. அகலக்கோண கிளிப் லென்ஸோடு சேர்த்தால் வானத்தில் கருந்திட்டு விழும். பொழுதுபட்ட பின்பும் வேண்டாம்: பாதிக்கு மேல் வெளிச்சம் போய், படம் கலங்கிவிடும்.